தோட்டி நான்கு

மட்டாஞ்சேரி மார்க்கெட்டின் இஞ்சிக் கிடங்குகள் முடிகிற சந்தில், இடது கைப் பக்கம் நான்காவது வீடு மாயம்மாளுடையது. 2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது மகன் ரதீஷ் ஒரு புத்தகத்தோடு வந்து நின்றான். அறுபத்து நான்கு பக்கம், வழவழப்பான தாள், மலையாளம். அட்டையில் புகை கக்கும் ஒரு என்ஜின்; அதை இடித்துக்கொண்டு தங்க நெற்றிப்பட்டம் கட்டிய ஒரு யானை.

எர்ணாகுளத்தில் ஹைகோர்ட்டுக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடக்கும் பழைய ரயில்வே ஸ்டேஷனின் சரித்திரம் அது. கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றுத்தான் மகாராஜா இந்த ரயிலைக் கொண்டுவந்தார் என்பது ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த கதை. அந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு ஒரு நினைவுக் கமிட்டி சரித்திரம் எழுத உட்கார்ந்துவிட்டது. முதல் பயணிகள் வண்டி வந்தது 1902 ஜூலை 16. நூறாவது ஆண்டில் இந்தக் கமிட்டியில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. நூற்று இருபத்திரண்டாவது ஆண்டில் வந்திருக்கிறது.

"முப்பத்தொண்ணாம் பக்கம் பாரு அம்மே," என்றான் ரதீஷ்.

மாயம்மாள் கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஏழாம் வகுப்பு வரை மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கொல்லம் 1108ஆம் ஆண்டு (1932-33) பட்டியலின்படி நிலையத்தில் நான்கு தோட்டிகள் இருந்தன. ரயில் பெட்டிகளைத் தள்ள அரண்மனை யானைகள் வந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அந்தத் தோட்டிகளில் ஒன்றை ஏந்தியவர் பாப்பான் சுடலைமுத்து.'

மலையாளத்தில் தோட்டி என்றால் யானையை அடக்கும் கொக்கிக் கம்பு. மலம் அள்ளுகிறவனுக்கும் அதே பெயர், அதே எழுத்து. பாப்பான் என்றால் யானைப்பாகன். தமிழில் பாப்பான் யாரென்று மாயம்மாளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுடலைமுத்து அவளுடைய தாத்தா.

பத்தியை இரண்டு தடவை படித்தாள். பிறகு புத்தகத்தை மூடி, அட்டையில் இருந்த யானையை, மீன்காரனிடம் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எவன்டா எழுதினது இத?"

"கிருஷ்ணபிரசாத் சார். பாலஸ் ரோட்டுல இருக்காரே, பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவருதான் கமிட்டி கன்வீனர்."

"இதுவரைக்கும் ஆனையப் பாத்திருக்கானா அவன்?"

"கேளு அம்மே. ஜூலை பதினாறுக்கு ஸ்டேஷன்ல கல்லு வைக்கறாங்க. கருங்கல்லு. பதினோரு தொழிலாளிங்க பேரு. ஒன்பதாவது பேரு நம்ம தாத்தாது. பாப்பான் சுடலைமுத்துன்னு கல்லுல கொத்துவாங்க. உனக்குப் பொன்னாடை உண்டு."

மாயம்மாள் புத்தகத்தை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மீனிடம் உட்கார்ந்தாள். காகிதத்தில் இருக்கிற பொய்யைக் கரையான் தின்றுவிடும். கல்லில் கொத்தினால் அப்படியே நிற்கும். அந்தக் கல்லில் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் அவர் செய்த வேலை இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் பெயரே இருக்கக் கூடாது. மீன் ஆய்ந்து முடிவதற்குள் இதை முடிவு செய்துவிட்டாள்.

சுடலைமுத்து 1907இல் தென்காசிப் பக்கம் பிறந்தவர். 1926 மழைக்காலத்தில் கொச்சிக்கு வந்து ஸ்டேஷனில் தோட்டியாகச் சேர்ந்தார். கூட மூன்று பேர். அந்த மூன்று பேரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இருப்பது எண்ணிக்கை மட்டும்.

அது பாதை முடிகிற ஸ்டேஷன். நடுவழி ஸ்டேஷனில் வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும், போய்விடும். பாதை முடிகிற இடத்தில் வந்தால் வந்ததுதான், மணிக்கணக்காக நிற்கும். 'வண்டி நிற்கும்போது கழிவறையை உபயோகிக்காதீர்' என்று பெட்டிக்குள் எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த முதல் வகுப்புக்காரர்கள்தான் அதிகம் உபயோகித்தார்கள் என்று சுடலைமுத்து பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் தண்டவாளக் குழிக்குள், கையில் சுரண்டியும் இரும்பு வாளியும். ஒருவர் பிளாட்பாரக் கக்கூஸுக்கு. ஒருவர் மலவண்டி தள்ள. கடைசியில் சுண்ணாம்புத் தூள் தூவி முடித்ததும், குழியில் இறங்கியவர்களில் மூத்தவர் வண்டியின் வாலண்டை வந்து நின்று விளக்குமாற்றைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். அடியில் ஆள் இல்லை என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் கார்டு பச்சைக்கொடியைத் தூக்கமாட்டார். அடியில் ஆள் இருக்கும்போதே தூக்கின ஒரு கார்டால் 1931இல் ஒருவனுக்கு வலது கை போயிற்று. அதன்பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. புத்தகத்தின் அறுபத்து நான்கு பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த ஸ்டேஷனில் வந்து இறங்கிய பெரிய மனிதர்களின் பட்டியல். அவர்கள் பிளாட்பாரத்துக்கு விட்டுப்போன கால்தூசியைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். குழிக்குள் விட்டுப்போனதைப் பற்றி மூச்சில்லை.

சுடலைமுத்துவுக்குப் பிறகு மகன் இசக்கி. அவர் காலத்தில் தோட்டி என்ற பெயர் போய் ஸ்வீப்பர் என்று வந்தது. பயணிகள் வண்டி நின்று சரக்கு வண்டி மட்டும் வந்துபோன காலத்தில் இசக்கி அங்கேயே பெருக்கினார். 1986 ஆகஸ்ட்டில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். அந்த இடத்தை நவம்பர் 3ஆம் தேதி மாயம்மாளுக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு சஃபாய்வாலா என்று பெயர். இந்தியில் சொன்னால் நாற்றம் குறையும் என்று யாரோ டில்லியில் நினைத்திருக்க வேண்டும். சரக்கும் நின்றபின் அவளை ஜங்ஷன் ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். 2022 மே 31இல் ஓய்வு பெற்றபோது கையில் கொடுத்த சான்றிதழில் ஹவுஸ்கீப்பிங் அசிஸ்டென்ட் என்று இருந்தது. கையில் இருந்த சாமான் நூறு வருஷமாக ஒன்றுதான்.

முப்பத்தைந்தரை வருஷம் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறி எர்ணாகுளம் போய் வந்தாள். படகு நடக்காத காலத்தில் பஸ். என்ன வேலை என்று தெரிந்தவர்கள் அவளுக்குப் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது. பையை வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது. படகில் தள்ளி உட்கார்ந்தவர்களைப் பற்றி அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அவர்களுடைய தண்டவாளத்தைப் பார்த்தவள் அவள்.

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, கிருஷ்ணபிரசாத் வீட்டுக்குப் போனாள். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் குடும்பம். வயது அறுபத்தெட்டு. கூடத்துச் சுவரில் அவருக்குக் கிடைத்த கேடயங்கள் பதினான்கு. அதில் ஒன்பது பேங்க் கொடுத்தவை.

"வாங்கோ, வாங்கோ. ரதீஷோட அம்மாவாக்கும்? உக்காருங்கோ. காமாக்ஷி, ரெண்டு சாயா."

அவர் மனைவி காமாக்ஷி இரண்டு சாயா கொண்டுவந்தாள். அவருக்கு டபரா செட்டில், மாயம்மாளுக்குக் காகிதக் கப்பில்.

"புஸ்தகம் பாத்தேளா? உங்க தாத்தாவப் பத்தி எழுதிருக்கேன்."

"பாத்துட்டுத்தான் வந்தேன் சார். எங்க தாத்தா பாப்பான் இல்ல சார்."

"ஓ, அதொண்ணும் தப்பா எடுத்துக்கப்படாது. பாப்பான்னா மலையாளத்துல ஆனைக்காரன்னு அர்த்தம்."

"தெரியும் சார். மலையாளத்துலயும் இல்ல, தமிழ்லயும் இல்ல."

கிருஷ்ணபிரசாத் சாயாவைக் கீழே வைத்தார். உள்ளே காமாக்ஷி இருமினாள், சிரிப்பாகவும் இருக்கலாம்.

"பட்டியல்ல தோட்டின்னு ஸ்பஷ்டமா போட்டிருக்கே. நாலு மாசம் ஆவணக் காப்பகத்துல உக்காந்து நானே காப்பி எடுத்துண்டு வந்ததாக்கும்."

"தோட்டின்னா தோட்டிதான் சார். கக்கூஸ் கழுவுற தோட்டி. அந்தக் காப்பியக் காட்டுங்க."

அவர் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். பச்சை நாடா, உள்ளே நகல்கள், ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் எண். நாடா கட்டிய நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது. மாயம்மாள் விரலை வைத்து மெல்லப் படித்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் 1, குமஸ்தா 2, பாயிண்ட்ஸ்மேன் 4, விளக்குக்காரன் 1, தண்ணீர்க்காரன் 2, தோட்டி 4.

"மாஸ்டர் ஆளு. குமஸ்தா ஆளு. வெளக்குக்காரன், தண்ணிக்காரன் எல்லாம் ஆளு. கடைசியில மட்டும் எப்படி சார் கம்பு வந்துச்சு?"

"அந்தக் காலத்துல ஆளையும் சாமானையும் கலந்துதான் எழுதுவா."

"அடுத்த பக்கம் திருப்புங்க."

"அது ஸ்டோர்ஸ் லிஸ்ட். அதுல ஒண்ணுமில்லை."

"ஆளு லிஸ்ட்டுக்குப் பின்னால சாமான் லிஸ்ட் வரும் சார். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. திருப்புங்க."

திருப்பினார். அவர் கையால் பென்சிலில் எண் போட்ட பக்கம்தான். எண்ணை மட்டும் போட்டிருந்தார். மேலிருந்து ஆறாவது வரி: 'தோட்டி நான்கு பேருக்கு ஒரு வருஷத்துக்கு ஈர்க்குமாறு 48, இரும்பு வாளி 8, சுண்ணாம்பு 12 பறை.'

"ஆளுக்கு மாசம் ஒண்ணு," என்றாள் மாயம்மாள். "வருசத்துக்குப் பன்னெண்டு. நாலு பேருக்கு நாப்பத்தெட்டு. நான் வேலைக்குச் சேந்தப்பவும் மாசம் ஒண்ணுதான் குடுத்தாங்க. ஆனைக்கு எதுக்கு சார் வெளக்குமாறு? முதுகு சொறியவா?"

கிருஷ்ணபிரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தார். அது மாறவில்லை.

அவர் முட்டாள் இல்லை. வீட்டில் தமிழ் பேசுகிறவர். தோட்டி என்ற சொல்லைக் குழந்தையிலிருந்து கேட்டவர். அவர் பிறந்த வீட்டுக் கொல்லைக் கதவு யாருக்காகத் திறந்தது என்பதை மறக்கிற வயசும் ஆகவில்லை. பட்டியலைப் பார்த்தபோது யானை வேண்டும் என்று இருந்தது, யானையைப் பார்த்துவிட்டார். மாயம்மாளுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கோபம் கொஞ்சம் சமமானவர்கள்மேல் வருவது.

"சரி, வாஸ்தவமாவே இருக்கட்டும்," என்றார் கடைசியில். "ஆனா அந்த வார்த்தைய இப்போ எழுதப்படாது. மோசமான வார்த்தை. கேஸ் ஆயிடும். உங்களுக்கேகூட நாணக்கேடு இல்லையா?"

"அந்த வார்த்தைதான் வேணும்னு நான் கேக்கல சார். துப்புரவுன்னு போடுங்க, ஸ்வீப்பர்னு போடுங்க. செஞ்ச வேல தெரியணும். முடியாதுன்னா பேர எடுத்துருங்க."

"கல்லு கொத்தக் குடுத்தாச்சே. அட்டை அடிச்சாச்சு. விழாவுக்கு ஆனை புக் பண்ணியாச்சு. இப்போ ஆனை இல்லைன்னா நாலாம் அத்தியாயம் முழுசும் போயிடும், மாயம்மா."

"போகட்டுமே சார். ஆனை வராத ஸ்டேஷன்தானே."

"பாக்கறேன். கமிட்டியில சொல்றேன்."

பாக்கறேன் என்பதற்கு என்ன அர்த்தம் என்று முப்பத்தைந்தரை வருஷ சர்க்கார் வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. காகிதக் கப்பை நிறைந்தபடியே வைத்துவிட்டு எழுந்தாள். வாசலுக்கு வந்தபின் திரும்பினாள். அதுவரை சார் என்று சொன்னவள், தன் தகப்பன் வாயில் இருந்த சொல்லை எடுத்தாள்.

"எங்க தாத்தா உங்க தெருவுல முன்பக்கமா நடந்ததில்ல சாமி. செத்து அம்பத்துமூணு வருசம் கழிச்சு நீங்களா கூப்பிட்டுப் பாப்பானாக்கிட்டீங்க. அவரு கேட்டிருந்தா ரொம்பச் சிரிச்சிருப்பாரு."

அன்று சாயங்காலம் ரதீஷ் டையைத் தளர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இடப்பள்ளியில் ஒரு மாலில் ஃபெஸிலிட்டி எக்ஸிக்யூட்டிவ். இருபத்திரண்டு பேர் தரை துடைப்பதையும் கழிவறை கழுவுவதையும் கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். அவன் கையில் துடைப்பம் இல்லை என்பது தவிர மற்றபடி குடும்பத் தொழில்தான். அதை அவனிடம் சொன்னால் சாப்பிடாமல் எழுந்துவிடுவான்.

"கிருஷ்ணபிரசாத் சார் போன்ல விளிச்சாரு. நீ போய் அவர்ட்ட வழக்கு உண்டாக்கினியாமே?"

"அவருக்கு ஆனை எங்கிருந்துடா கெடைச்சுது? நீ என்ன சொன்ன அவர்ட்ட?"

ரதீஷ் தட்டைப் பார்த்தான். "ஸ்டேஷன்ல வேல செஞ்சவங்க குடும்பம் இருந்தா விளிக்கணும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. விளிச்சேன். என்ன ஜோலின்னு கேட்டாரு. நான் தோட்டின்னுதான் சொன்னேன் அம்மே. சத்தியம். அவருதான், ஓ, பட்டியல்ல உள்ள ஆனைத்தோட்டி, அப்ப பாப்பான் ஆயிருந்தான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

ரதீஷ் தட்டில் இருந்ததைக் கிளறினான்.

"என்னடா சொன்ன?"

"உம்னேன்."

மாயம்மாள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி மரவள்ளிக் கப்பையை வைத்தாள். முப்பத்தைந்து வருஷம் குழிக்குள் இறங்கி ஏறின ஒரு மனிதரை அவருடைய கொள்ளுப்பேரன் ஒரு உம்மில் யானைமேல் ஏற்றிவிட்டான்.

"இதுல யாருக்கு நஷ்டம் சொல்லு," என்றான் அவன். "மால்ல எல்லாருக்கும் அந்தப் பக்கத்த அனுப்பிட்டேன். எல்லாரும் ஆனைக்கார வீட்டுப் பையன்னு விளிக்கறாங்க. இனி போய் நான் என்ன சொல்ல?"

"அந்த ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு ஆனை வந்திருக்கு, தெரியுமா உனக்கு? அதுவும் தள்ள வரல. சரக்கு வாகன்ல ஏறி வந்துச்சு. ஏதோ சர்க்கஸ் ஆனை. அது எறங்கிப் போனப்புறம் தாத்தா அந்த வாகன்லருந்து லத்தி வாரினாரு. ஒன்பது வாளி. அதுதான் நமக்கும் ஆனைக்கும் உள்ள பந்தம். அதையும் அனுப்பு எல்லாருக்கும்."

ரதீஷ் சாப்பிடாமல் எழுந்துவிட்டான்.

ஜூன் 14ஆம் தேதி அவள் கமிட்டிக்கு மலையாளத்தில் நான்கு வரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். வேலையைச் சரியாகக் கொத்த வேண்டும், அல்லது பெயரை எடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான அட்டை 19ஆம் தேதி கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக ஜூலை 8ஆம் தேதி ஒரு அழைப்பிதழ் வந்தது. ஓரத்தில் தங்க மையில் குட்டி யானைகள்.

ஜூலை 16, செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. புதரை வெட்டித் தார்ப்பாய்ப் பந்தல் போட்டிருந்தார்கள். நிஜ யானைக்கு அனுமதி கிடைக்கவில்லை போலும். ஃபைபரில் செய்த யானை ஒன்று லாரியில் வந்து நின்றது. மோட்டார் வைத்துக் காது ஆடும், துதிக்கை நீர் தெளிக்கும். மழையில் துதிக்கைக்கு வேலையில்லாமல் போயிற்று. காது மட்டும் கிர்ர் கிர்ர் என்று ஆடிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் ஸ்டேஷன் பக்கம் முதுகைக் காட்டி அந்த யானையோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

மாயம்மாள் போனது கல்லைப் பார்க்க. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கசவு வேட்டியில் ரதீஷ். முக்கிய விருந்தினர் பட்டுத் துணியை இழுத்தார். கருங்கல்லில் பதினோரு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கோடு, கோட்டுக்கு அப்பால் வேலை. ஒன்பதாவது வரி: சுடலைமுத்து, கோடு, பாப்பான்.

எழுத்து அழகாகத்தான் கொத்தியிருந்தான்.

"அடுத்ததாக, பாப்பான் சுடலைமுத்துவின் பேத்தி மாயம்மாள்," என்று கிருஷ்ணபிரசாத் மலையாளத்தில் மைக்கில் கூப்பிட்டார். மாயம்மாள் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். ரதீஷ் முழங்கையால் இடித்தான். அவள் பந்தலின் ஒழுகலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு கிருஷ்ணபிரசாத் சிரித்த முகத்தோடு மேடையிலிருந்து இறங்கி வந்தார். கம்பியில்லாத மைக்கைக் கையில் பிடித்தபடியே வந்தார். அணைக்கத் தோன்றவில்லை.

"வாங்கோ மாயம்மா, எல்லாரும் காத்திண்டிருக்கா," என்று குனிந்து மெல்லச் சொன்னார். பந்தலின் நான்கு ஒலிபெருக்கியும் அதை மெல்லச் சொல்லவில்லை.

"ஆள் மாறிப்போச்சு சார்," என்றாள் மாயம்மாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்த வேண்டியிருக்கவில்லை. "நான் தோட்டி சுடலைமுத்துவோட பேத்தி. இந்த ஸ்டேஷன்ல பீ வாரினவரு. நீங்க கூப்பிடறது வேற யாரோ பாப்பானோட பேத்திய. இங்கதான் எங்கயாவது இருப்பா, இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாருங்க."

பந்தலில் எவ்வளவு பேருக்குத் தமிழ் புரிந்தது என்று சொல்ல முடியாது. தோட்டி எல்லோருக்கும் புரிந்தது. பின்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். முக்கிய விருந்தினர் விரித்த பொன்னாடையை மடித்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். கிருஷ்ணபிரசாத் அப்போதுதான் கையில் இருந்த மைக்கைப் பார்த்தார். ரதீஷ் தன் போனைப் பார்த்தான். அதில் எதுவும் வரவில்லை.

மாயம்மாள் குடையை விரித்துக்கொண்டு படகுக்கு நடந்தாள். ரதீஷ் அவளுக்குப் பத்தடி பின்னால் வந்தான். படகில் எதிர் வரிசையில் உட்கார்ந்தான். மட்டாஞ்சேரி ஜெட்டி கண்ணில் படும்போது, "ஒன்பது வாளியா?" என்று கேட்டான்.

"ஒன்பது."



ஜூலை 25ஆம் தேதி கிருஷ்ணபிரசாத் போன் செய்தார். "நீங்க சொன்னாப்பலயே எடுத்தாச்சு. போறுமா?" என்றார். எதை எடுத்தது என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, அவள் தனியாகப் போய்ப் பார்த்தாள். புதர் மறுபடி முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. ஒன்பதாவது வரியில் சுடலைமுத்து இருந்தார், கோடு இருந்தது. கோட்டுக்கு அப்பால் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மெஷினால் தேய்த்திருந்தார்கள். கறுத்த கல்லில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பொருக்கேறித் தெரிந்தது. வேலையையும் எழுதவில்லை, பெயரையும் எடுக்கவில்லை. இரண்டில் ஒன்றைச் செய்யச் சொன்னால், இரண்டையும் செய்யாமல் இருக்க மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடிக்க அந்தக் கமிட்டியில் பதினேழு பேர் இருந்தார்கள்.

கல்லுக்குக் காவலாக ஒரு வாட்ச்மேனைப் போட்டிருந்தார்கள். கேசவ் என்று பெயர், ஆலுவாக்காரர், ஐம்பது வயதிருக்கும். மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். மலையாளத்தில்தான் பேசினார்கள்.

"சேச்சியும் அதத்தான் பாக்கறீங்களா?"

"வேற யாரு பாத்தாங்க?"

"வரறவங்க எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. இங்க என்ன இருந்துச்சு, ஏன் சுரண்டினாங்கன்னு. எனக்கு எங்க தெரியும்? கமிட்டி சார்ட்ட கேட்டேன், உனக்கெதுக்கு அதுன்னாரு. நான் ஏதோ கெட்ட வார்த்தை இருந்துச்சுன்னு சொல்லி விட்டுர்றேன்."

"கெட்ட வார்த்தைதான்," என்றாள் மாயம்மாள். "பொய் எழுதியிருந்தாங்க."

கேசவ் அவளுக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுத் தான் கல்லின் பீடத்தில் உட்கார்ந்தார். அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். சுடலைமுத்து என்ன வேலை செய்தார், குழி எந்த இடத்தில் இருந்தது, எத்தனை பேர், எத்தனை வாளி, கை போனவனுக்கு எந்தக் கை. அவர் நடுவில் இரண்டே கேள்வி கேட்டார். இரண்டும் புத்தியுள்ள கேள்விகள். குழி இருந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கூடவே புதருக்குள் வந்து பார்த்து, அங்கே ஒரு கல்லைத் தூக்கி அடையாளமாக வைத்தார்.

கேசவ் தன் டியூட்டி நோட்டில், கமிட்டிக்குக் கணக்குக் காட்டுவதற்காக, வருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறித்துவைக்கிறார். ஆகஸ்ட் 5 முதல் செப்டம்பர் 30 வரை 214 பேர். அதில் 163 பேர் ஒன்பதாவது வரியில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக் குழி இருந்த இடத்தையும் காட்டினார். ரதீஷ் ஒரு தடவை வந்துபோனான்; மாலில் அவனுக்குக் கீழே வேலை செய்யும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்திருந்தான். பதில் சொல்லக் கேசவைத்தான் விட்டான். தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மற்ற பத்துப் பெயர்களைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.